பதக்க விளிம்பில் ஒரு பெயர்: படைப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுதல்



சில ஆண்டுகளுக்கு முன், எம்மிடம் பயின்று இன்று செபராங் பிறையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விளங்கும் ஒருவர், கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த பதக்கம் ஒன்றைக் கொண்டுவந்து எம் மேசைமேல் வைத்தார். ஒரு பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கத்தில் குதிரைமேல் அமர்ந்த ஆடையற்ற வீரன், இருமருங்கும் 1914, 1918 என்னும் ஆண்டுகள். முதற் பெரும்போரில் பணிபுரிந்தோர்க்குப் பிரித்தானிய அரசு வழங்கிய போர்ப்பதக்கம் அது. "எங்கள் பாட்டனாரின் தந்தை சுபேதாராக இருந்தவர் ஐயா. துருக்கியரை எதிர்த்துப் போரிட்டாராம். அவருடைய படைப்பதிவை எங்கே தேடுவது?" என்று கேட்டார்.

யாம் விளக்கை அருகிழுத்துப் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தோம். அப்போரின் பதக்கங்களுடைய விளிம்பில் பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்தே வழங்கினர். அந்த வீட்டில் மூன்று தலைமுறையினர் அதனைப் பூசையறையில் வைத்துக் காத்திருக்கின்றனர். விளிம்பை எவரும் படித்ததில்லை. பெயர் இருந்தது: எம், இரண்டு ஓ, டி, இரண்டு ஓ, பின்னர் எஸ், ஏ, டபிள்யூ, எம், ஒய். முத்துசாமி. பெயருக்கு முன்னே, பதவி இருக்க வேண்டிய இடத்தில், சுபேதார் என்றில்லை. சிப்பாய் என்றும் இல்லை. 'கூலி' என்றிருந்தது. பதக்கமும் வெள்ளியன்று, வெண்கலம்.

ஆசிரியர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை வீட்டில் எப்படிச் சொல்வது?" என்று மட்டும் கேட்டார். இன்றைய உரை அவ்வினாவிலிருந்து பிறந்தது. யாம் படைவரலாற்று அறிஞர் அல்லேம், மொழியியல் பயின்றவர். ஆயினும் தமிழரின் படைப் பதிவுகளைத் தேடுவோர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் எழுத்தும் சொல்லுமே ஆதலின், இப்பொருளில் எமக்கும் சிறிது கூற இடமுண்டு.

முதலில் அந்தச் சொல். தமிழில் கூலி என்பது செய்த வேலைக்குப் பெறும் ஊதியம், ஆளைக் குறிப்பதன்று. ஆளைக் குறிக்கக் கூலியாள், கூலிக்காரன் என்போம். ஐரோப்பியர் வாயில் அச்சொல் ஊதியத்தை விட்டு ஆளின்மேல் ஏறிற்று. குசராத்துப் பகுதியின் கோலி என்னும் குலப்பெயரே இதற்கு மூலம் என்பாரும் உளர். இரண்டும் ஒன்றோடொன்று கலந்தன என்று கொள்வாரும் உளர். எவ்வாறாயினும், தமிழ்நாட்டில் ஊதியமாக இருந்த சொல், உலகைச் சுற்றி வந்து, ஒரு தமிழரின் பதவிப் பெயராக வெண்கலத்தில் பொறிக்கப்பட்டுத் தமிழ் வீடொன்றின் பூசையறைக்கு வந்து சேர்ந்தது.

முதற் பெரும்போருக்கு இந்தியாவிலிருந்து திரட்டப்பட்டோர் ஏறத்தாழ 14 இலட்சம் பேர். அவருள் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் துப்பாக்கி ஏந்தாதவர். சுமை தூக்கியோர், கோவேறு கழுதை ஓட்டியோர், காயமுற்றோரைத் தூக்குகட்டிலில் சுமந்தோர், தண்ணீர் கொணர்ந்தோர், சமைத்தோர், துப்புரவு செய்தோர், சாலையும் இருப்புப்பாதையும் அமைத்தோர். இவர்களுக்கு வெண்கலப் பதக்கம். போர்வீரர்க்கு வெள்ளிப் பதக்கம். உலோகத்தைக் கொண்டே பிரித்தனர். ஆகவே உங்கள் வீட்டிலும் அத்தகைய பதக்கம் இருப்பின், விளிம்பைப் படிக்குமுன் நிறத்தைப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

படைமுகாமும் தோட்டமும்

இச்செய்தியைக் கேட்டுத் தலைகுனியத் தேவையில்லை என்பதற்கு, பினாங்கின் தெருப்பெயர் ஒன்றே போதும். 1786 ஆகஸ்டு 11 அன்று பிரான்சிசு லைட் இத்தீவைக் கும்பினியின் பெயரால் கைக்கொண்டபோது, அவருடன் இந்தியச் சிப்பாய்களும் வந்திறங்கினர். பின்னர்ச் சென்னைப் படையின் பிரிவுகள் நீரிணைக் குடியேற்றங்களின் காவலுக்கு மாறிமாறி வந்தன. 1811ஆம் ஆண்டின் சாவகப் படையெடுப்பில் சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் பினாங்கு வழியே சென்றன. 1831-32இல் மலாக்காவை அடுத்த நானிங்கில் நடந்த போரில் சென்னைப் படையினரே பெரும்பகுதியினர். அவர்கள் தங்கிய குடியிருப்பின் நினைவாகவே 'சிப்பாய் லைன்சு' என்னும் சாலைப்பெயர் ஜார்ஜ் டவுனில் இன்றும் வழங்குகிறது.

'லைன்சு' என்பது வரிசை வீடுகளைக் குறிக்கும் படைமுகாம்ச் சொல். அதே சொல்தான் தோட்டத்திற்குச் சென்று, 'லயம்' என்றும் 'லயன்' என்றும் தமிழாகி, நம்முள் பலர் பிறந்த வீட்டின் பெயராயிற்று. விடியற்காலையில் தொழிலாளர் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் 'பெரட்டு' என்ன சொல்? படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேடு' என்பதன் தமிழ் வடிவமே. வெள்ளைத் துரைமார் தோட்டத்தைப் படைமுகாம் போலவே அமைத்தனர். அதன் சொற்களையும் உடன் கொண்டுவந்தனர். சிப்பாய்க்கும் தொழிலாளிக்கும் இடையே நாம் இன்று காணும் பெருஞ்சுவர் அன்றைய ஆள்வோர் கண்ணில் அத்துணை உயரமானதாக இல்லை. ஒரே ஊரிலிருந்து, சில வேளை ஒரே வீட்டிலிருந்து, ஒருவர் பட்டாளத்துக்கும் ஒருவர் பால்மரக் காட்டுக்கும் போனார்.

(பட்டாளம் என்பதும் ஐரோப்பிய வரவே. ஆயினும் அதனைத் தமிழன்று என்று எந்தப் பாட்டியிடமும் சொல்லிப் பாருங்கள்!)

இன்னொரு சொல்லையும் இங்கே கூறிவிடுகிறோம். வடஇந்தியாவில் 18ஆம் நூற்றாண்டில் சிப்பாயைத் 'தெலிங்கா' என்றே அழைத்தனர். கும்பினியின் சிப்பாய்கள் முதன்முதலில் தென்னாட்டிலிருந்து சென்றமையே காரணம். அவர்கள் தெலுங்கரா, தமிழரா, முசுலிம்களா என்று அழைத்தவர்க்குக் கவலையில்லை. ஆகவே வங்காளப் பதிவுகளில் 'தெலிங்கா' என்று கண்டால் அதனை இனப்பெயராகக் கொண்டு, 'நம்மவர் இல்லை' என்று ஏட்டை மூடிவிட வேண்டா. தமிழ் முசுலிம்களின் இராவுத்தர் என்னும் பெயரோ குதிரை வீரரைக் குறிக்கும் சொல்லிலிருந்தே வந்தது.

ஏடுகள் இருக்குமிடம்

நம் முன்னோர் போர்வீரனை மறக்காதிருக்க நடுகல் நட்டனர். நடுகல்லுக்குரிய துறைகளைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என வரிசைப்படுத்திக் கூறும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் படித்தால், வீழ்ந்தவன் பெயரும், யாருடைய சேவகன் என்பதும், எந்த ஊர் ஆநிரையை மீட்கையில் பட்டான் என்பதும் தமிழிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஆநிரை மீட்டுப் பட்டவனுடைய பெயர் நமக்குப் பிழையின்றித் தெரிகிறது. நூறாண்டுகளுக்கு முன் கடல் கடந்து சென்றவருடைய பெயரைத் தேடவே நாம் இத்துணைப் பாடுபட வேண்டியிருக்கிறது.

பஞ்சாபியர் இவ்வகையில் பேறு பெற்றோர். முதற் பெரும்போர் முடிந்ததும் பஞ்சாப் அரசு ஊர்வாரியாகத் தன் படைவீரர் பெயர்களைத் தொகுத்தது. ஏறத்தாழ 3,20,000 பேருடைய பதிவுகள் இலாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021இல் கணினிவழிப் பொதுமக்கள் பார்வைக்கு வரத் தொடங்கின. அதனால் இங்கிலாந்தில் பிறந்த பேரர் ஒருவர் தம் ஊர்ப்பெயரை இட்டுத் தேடித் தம் கொள்ளுத்தாத்தாவைக் காண இயல்கிறது. தமிழ்நாட்டு ஊர்களுக்கு அத்தகைய ஒரே தொகுப்பு நம் கையில் இல்லை. நாம் பல வாயில்களைத் தட்ட வேண்டும்.

எதைத் தட்டுவது என்பதைக் காலமே முடிவு செய்யும். 1867 ஏப்ரல் 1 வரை பினாங்கு இந்திய ஆட்சியின்கீழ் இருந்தது. அன்று குடியேற்ற நாட்டு அமைச்சின்கீழ் மாறிற்று. ஆகவே அதற்கு முந்தைய சிப்பாய்ச் செய்திகள் இந்தியக் கோப்புகளிலேயே உள. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சென்னை அரசின் படைத்துறை நடவடிக்கைகள் ஆண்டுவாரியாகத் தைக்கப்பட்டுள்ளன. இலண்டனில் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகளிலும், சிங்கப்பூர்த் தேசியக் காப்பகத்தில் நீரிணைக் குடியேற்றப் பதிவுகளிலும் பினாங்குக் காவற்படை பற்றிய கடிதங்கள் உள்ளன. இவற்றில் தனிச்சிப்பாயின் பெயர் அரிதாகவே வரும். ஐரோப்பியப் படைவீரன் ஒவ்வொருவனுக்கும் இலண்டனுக்கு வரிசைப் பட்டியல் அனுப்பிய கும்பினி, இந்தியச் சிப்பாயை எண்ணிக்கையாக மட்டும் அனுப்பிற்று. சிப்பாயின் பெயர் அவனுடைய பட்டாளத்தின் ஏட்டிலேயே தங்கியது.

எனினும் ஒரு வழி உண்டு. அது பணத்தின் வழி. கடல் கடந்து சென்ற சென்னைச் சிப்பாயின் சம்பளத்தில் ஒரு பகுதி ஊரிலிருந்த குடும்பத்துக்குச் செலுத்தப்பட்டது. இறந்தவரின் மகனை அரைச்சம்பளச் சிறுவனாகப் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் சென்னைப் படையில் இருந்தது. சம்பளம், ஓய்வூதியம், குடும்பப் படி ஆகியவற்றில் தகராறு எழுந்தபோது விண்ணப்பம் எழுதப்பட்டது; விண்ணப்பம் வந்தால் கோப்பில் பெயர் வந்தது, மனைவி பெயர் வந்தது, ஊர் வந்தது. ஆவணக் காப்பகத்தில் நெடுநாள் அமர்ந்தவன் என்ற முறையில் மாணவர்க்கு ஒன்று கூறுவோம்: போர் என்ற தலைப்பில் தேடாதீர்கள், ஓய்வூதியம் என்ற தலைப்பில் தேடுங்கள். அரசுகள் வீரத்தை மறந்துவிடும். செலவை ஒருபோதும் மறப்பதில்லை.

அடுத்த தடை பட்டாளத்தின் எண். சென்னைப் படை 1895இல் தனிப்படை என்னும் நிலையை இழந்து இந்தியப் படையுடன் இணைந்தது. 1903இல் கிச்சனர் பிரபு படைப்பிரிவுகளுக்கு மறு எண் இட்டபோது, சென்னைக் காலாட்படைப் பிரிவுகளின் பழைய எண்ணுடன் 60 கூட்டப்பட்டது. 3ஆம் எண் பெற்றிருந்த பாளையங்கோட்டை இலகு காலாட்படை 63 ஆயிற்று. 23ஆம் எண்ணுடைய வாலாஜாபாத் இலகு காலாட்படை 83 ஆயிற்று. வீட்டில் 'மூணாம் பட்டாளம்' என்று பாட்டி கூறுவதும், பதக்கத்தில் 63 என்றிருப்பதும் ஒன்றாகவே இருக்கலாம். அந்த 63ஆம் பிரிவு 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கா கடற்கரையில் செருமானியரை எதிர்த்து இறங்கிய படையில் இருந்தது. 1922இல் மீண்டும் எண்கள் மாறின. அப்பதின்மத்தின் இறுதிக்குள் சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் செலவுச் சுருக்கத்தின்பொருட்டுக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் மதராசு ரெசிமெண்டு மீண்டும் எழுந்தது. இன்று அதன் நடுவம் நீலகிரியில் வெலிங்டனில் உள்ளது. இடையறாது நின்ற பிரிவு பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியாளர் படையே. 'தம்பி' என்னும் செல்லப்பெயர் அவர்களுக்கு உண்டு. அவ்விரு நடுவங்களுக்கும் எழுதுவோர் பெயரைவிட எண்ணை முதலில் எழுத வேண்டும். ஒரே பட்டாளத்தில் பத்து முத்துசாமிகள் இருப்பர். ஒரே எண்ணில் ஒருவரே இருப்பார்.

போரில் இறந்தவராயின் தேடல் எளிது. பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலைக் கணினியில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அதில் பல இந்தியப் படைவீரர்க்குத் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியன குறிக்கப்பட்டுள்ளன. சிங்கப்பூர்க் கிராஞ்சி நினைவகத்தின் சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. கல்லறை அறியப்படாத இந்தியப் படையினர் பெயர்களும் அவற்றில் அடங்கும். தைப்பிங் போர்க்கல்லறையிலும் இந்தியர் பகுதி உண்டு. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் கல்லில் உள்ள பெயர்களைத் தமிழில் படிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஓர் ஒலியியல் வகுப்பே நடந்துவிடும்.

ஆனால் பாசுராவில் நிலைமை வேறு. அங்குள்ள முதற் பெரும்போர் நினைவகத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்பட்டாலும், இந்தியருள் அதிகாரிகளின் பெயர்களே செதுக்கப்பட்டன. சாதாரணச் சிப்பாய்களைப் பிரிவுவாரியாக இத்தனை பேர் என எண்ணிக்கையில் மட்டும் குறித்தனர். இவ்வேற்றுமையை அவ்வாணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. கிழக்கு ஆப்பிரிக்கச் சுமைகாரர்களின் நிலை இதனினும் கீழ். போரில் இறந்த கூலிக்குக் கல்லில் இடமில்லை. உயிருடன் திரும்பிய கூலிக்கு விளிம்பில் இடம் கிடைத்தது.

எழுத்தர் காதில் விழுந்த தமிழ்

இனி எம் துறைக்கு வருகிறோம். ஊரும் பெயரும் தெரிந்தும் பட்டியலில் அகப்படாமைக்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துக்கூட்டலே. 1870களில் அரசு ஒழுங்கான ஒலிபெயர்ப்பு முறையை ஏற்குமுன், எழுத்தர் தம் காதில் விழுந்ததை ஆங்கிலச் சொற்களின் சாயலில் எழுதினர். அதன்பின்பும் பழைய கை எளிதில் மாறவில்லை.

உகரத்தையும் ஊகாரத்தையும் இரண்டு ஓ இட்டு எழுதினர். முத்துசாமியின் பதக்கத்தில் கண்டது அதுவே. ஆகாரத்தை ஏ, டபிள்யூ என்னும் ஈரெழுத்தாலோ ஏ, யூ என்னும் ஈரெழுத்தாலோ குறித்தனர். பெருமாளின் ஈற்றில் ஏ, யூ, எல் வருவது அதனால். குறில் அகரத்துக்கு யூ எழுத்து: பழனியை பி, யூ, எல், என், ஈ, ஒய் என எழுதினர். ஆகவே பழனியப்பனைத் தேடுவோர் பி, ஏ வரிசையில் நின்றுவிடக் கூடாது. பி, யூ வரிசையையும் பார்க்க வேண்டும். மகர ஈற்றுப் பெயர்கள் யூ, எம் என முடியும். அருணாசலம் என்னும் பெயரின் நடுவில் உள்ள உகரம் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.

இந்த விடுபாட்டை எழுத்தரின் அறியாமை என்று நெடுங்காலம் யாமும் எண்ணியிருந்தோம். பின்னர்தான் புரிந்தது. நம் பேச்சில் அப்பெயர் 'அர்ணாசலம்' என்றே ஒலிக்கிறது. இரண்டாம் அசையின் குற்றுயிர் தேய்வது தமிழ்ப் பேச்சின் இயல்பு. எழுத்தர் ஏட்டுத் தமிழை அறியார். எதிரில் நின்ற இளைஞன் தன் பெயரைச் சொன்னபடி எழுதினார். அவ்வாறே இராமனை ஆர், ஏ, எம், ஈ, என் என்று ஈற்றில் ஈ இட்டு எழுதியதும் பிழையன்று. னகர ஈறு மூக்கொலியாக மாறுகையில் முன்நிற்கும் அகரம் எகரத்தின்பால் சாய்வதை இன்றும் நம் பேச்சில் கேட்கலாம். அதனால் இப்பட்டியல்கள் படைவரலாற்றுக்கு மட்டுமன்று, 19ஆம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழ் ஆய்வுக்கும் சான்றாகும். நம் பல்கலைக்கழக மாணவர் எவரேனும் இதனைத் தலைப்பாகக் கொள்வாராயின் யாம் மகிழ்வோம். கெளுகோரில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகமே முன்னாளில் மின்டன் படைமுகாமாக இருந்த இடம்தான், இடப்பொருத்தமும் உண்டு!

வல்லினம் மற்றுமொரு பொறி. தமிழில் ககரம் ஒன்றே. ஆங்கிலத்தில் அது சி, கே, ஜி என மூன்று எழுத்துகளாகப் பிரியும். கந்தசாமி 'சி' வரிசையிலும் இருப்பார், 'கே' வரிசையிலும் இருப்பார். சின்னையா 'சி'யிலும் 'எஸ்'ஸிலும் இருப்பார். வேலு, வீரன் முதலியோரை 'வி'யில் காணாவிடின் 'டபிள்யூ'வில் தேடுக. ழகரமோ எழுத்தர் அனைவரையும் திணறடித்தது. சோழமண்டலத்தின் ழகரம் ஐரோப்பியர் வாயில் ரகரமாகிக் கோரமண்டல் என்றாயிற்று. பழவேற்காட்டின் ழகரம் லகரமாகிப் புலிக்காட் என்றாயிற்று. ஊர்ப்பெயரில் ழகரம் உள்ளவர்கள் இரு வழியிலும் முயல வேண்டும்.

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இன்மையும் தொல்லையே. 'சர்நேம்' என்னும் கட்டத்தில் தந்தை பெயரை இடும் எழுத்தரும் உண்டு, ஊரை இடுவாரும் உண்டு, குலப்பட்டத்தை இடுவாரும் உண்டு. பட்டாளத்து ஏட்டில் சாதிக்கெனத் தனிக்கட்டமே இருந்தது. அதனைப் பார்த்தபின் தேடலை நிறுத்திக்கொண்ட குடும்பங்களை யாம் அறிவோம். கடல் கடந்து வந்தவர் பலர் பெயரையும் பட்டத்தையும் இங்கே புதிதாகச் சூடிக்கொண்டனர். அது அவர்தம் உரிமை. அக்கட்டத்தை நிரப்பியது ஆள்சேர்த்த அதிகாரியின் கை. எனினும், கட்டத்தை அழித்துவிட்டு மிகுதியை மட்டும் அச்சிடுவது ஆய்வாகாது. அச்சிட விருப்பமில்லையேல் அக்கட்டத்தை வெளியிடவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுவதே நேர்மை. எம் நண்பர் சிலர் இதில் எம்மோடு உடன்படார்.

ஏடு எரிந்த படை

இந்திய தேசிய இராணுவத்தைப் பற்றிக் கேட்போரே இங்கு மிகுதி. 1943 சூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் பயிற்சி தொடங்கிய இராணி ஜான்சி படையின் பெண்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அதில் உயர்பொறுப்பு வகித்த கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் 2000இல் இந்திய அரசின் பத்மசிறீ விருதைப் பெற்றார். பினாங்குக்கும் தனிப்பங்கு உண்டு. வழக்கறிஞர் இராகவன் முன்னின்று நடத்திய சுவராச்சியப் பயிற்சிக்கழகத்திலிருந்து 1942இல் நீர்மூழ்கிக் கப்பல் வழியாக இந்தியாவுக்கு இரகசியமாக அனுப்பப்பட்ட இளைஞர் பிடிபட்டனர். வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

ஆயினும் அப்படையின் ஏடுகளுள் மிகப்பல 1945 ஆகஸ்டில், சப்பானியர் சரணடைந்த நாள்களில், பிரித்தானியர் கையில் சிக்காதிருக்கக் கொளுத்தப்பட்டன. எஞ்சியவை புதுதில்லித் தேசியக் காப்பகத்தில் உள்ளன. பிரித்தானிய உளவுத்துறையின் விசாரணைக் குறிப்புகளும், 1972இல் இந்திய அரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தின் விண்ணப்பங்களும் ஓரளவு ஈடு செய்யும். (மீண்டும் ஓய்வூதியம்!) ஆனால் தோட்டத்திலிருந்து சென்று தோட்டத்துக்கே திரும்பிய பெண்ணுக்கு எந்த விண்ணப்பமும் இல்லை. அவருக்குப் பதக்கமும் இல்லை, விளிம்பும் இல்லை. அவர் வாய்மொழியே ஏடு. சிங்கப்பூர்த் தேசியக் காப்பகம் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நடுவத்தில் அக்காலத்தவர் குரல்கள் ஒலிப்பதிவாக உள்ளன. அன்று பதினெட்டு வயதாக இருந்தவர் இன்று நூறைக் கடந்திருப்பார். அவரிடம் கேட்கும் காலம் போயிற்று. அவரிடம் கேட்ட மகளிடமும் மருமகளிடமும் கேட்கும் காலம் இன்னும் உள்ளது. கேட்கும்போது செம்மைப்படுத்தாது, அவர் சொன்ன ஒலியிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் ஒலியிலேயே என்கிறோம்? பதக்கத்தின் கதைக்கு மீள்வோம். விளிம்பிலிருந்த பிரிவின் பெயரைக் கொண்டு அது எங்கிருந்தது என்று தேடுகையில், அந்த ஆசிரியர் தம் அத்தையிடம் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி மீண்டும் கேட்டார். "அவர் பசராவிலே கப்பலில் மூட்டை இறக்கினாராம்; அங்கே தண்ணீரும் உப்பு, காற்றும் உப்பு என்பாராம்" என்று அத்தை கூறினார். பசரா என்பது தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் என்றே அக்குடும்பத்தில் பலர் எண்ணியிருந்தனர். துருக்கியரோடு போர் என்ற கதையும் தஞ்சைச் சிற்றூர் என்ற கதையும் ஒரே வீட்டில் அருகருகே வாழ்ந்திருக்கின்றன. மெய்ம்மயக்கத்தைப் பொறாத தமிழ் நாவு பாசுராவின் நடுவே ஓர் உயிரைச் செருகிப் பசரா என்று ஆக்கியது. யாரேனும் அதனைத் திருத்தி எழுதியிருந்தால் அக்கண்ணி அறுந்திருக்கும். பாசுராத் துறைமுகம் இந்தியத் தொழிலாளர் படையினரின் உழைப்பில் விரிந்தது என்பது வரலாறு. சுபேதார் என்னும் பட்டம் இடையில் எவரோ அன்பினால் சேர்த்தது. மூட்டை இறக்கியது மெய்.

அவருடைய பெரியப்பா பதக்கத்தைப் பள்ளியின் வரலாற்று வாரக் கண்காட்சியில் வைக்க முதலில் இசையவில்லை. "கூலி என்று எழுதியதைப் பிள்ளைகள் முன் வைப்பதா?" என்றார். சில மாதங்கள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து, பதக்கத்தின் கீழ் வைக்கும் அட்டையில் என்ன எழுதலாம் என்று எம்மைக் கேட்டார். விளிம்பில் உள்ளதை ஓரெழுத்தும் மாற்றாமல் முதல் வரியில் எழுதுமாறும், அதன்கீழ்த் தமிழில் பெயர், தந்தை பெயர், ஊர் என மூன்றையும் எழுதுமாறும் கூறினோம்.

பெயர் தெரியும். ஊர், அத்தை கூறியதைக் கொண்டு, தஞ்சை மாவட்டம் என்ற அளவில் தெரியும். தந்தை பெயர் அவ்வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. அதற்குரிய கோட்டினை வெற்றாக விட்டே அட்டையை வைத்தனர். ஆசிரியர் இவ்வாண்டுப் பள்ளி விடுமுறையில் எழும்பூர் செல்லப் பயணச்சீட்டு வாங்கியுள்ளார்.